நிற்கத் தெரிந்தவரே நெடுந்தொலைவு செல்கிறார்

ஆறு நாள் ஓட்டம் என்றொரு போட்டி உண்டு. அதன் விதி எளியது. 144 மணி நேரத்திற்குள் ஒருவர் தம் கால்களால் எவ்வளவு தொலைவைக் கடக்கிறார் என்பதே கணக்கு. ஓடலாம், நடக்கலாம், உண்ணலாம், உறங்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்போட்டிகளைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டு நாள், அன்று விளையாட்டுக் கூடாது என்பதால் போட்டி ஆறு நாளோடு முடிந்தது. 1888ஆம் ஆண்டு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஜார்ஜ் லிட்டில்வுட் என்ற ஆங்கிலேயர் ஆறு நாளில் 1,003 கிலோமீட்டரைக் கடந்தார். அதை மிஞ்ச 96 ஆண்டுகள் ஆயின. 1984இல் கிரேக்க நாட்டைச் சேர்ந்த யான்னிஸ் கூரோஸ் அதே நியூயார்க் நகரில் 1,022 கிலோமீட்டர் ஓடினார். பின்னர் 2005இல், தம் 49ஆம் வயதில், ஆஸ்திரேலியாவில் 1,036 கிலோமீட்டர் ஓடித் தம் சாதனையைத் தாமே முறியடித்தார். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலை வழித் தொலைவு ஏறத்தாழ 700 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு விளங்கும்.

சிறுநீரக மருத்துவன் ஒருவன், நோயாளரும் அவர்தம் குடும்பத்தாரும் படிக்கும் இதழில் இதைப் பற்றி ஏன் எழுதவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இத்தகைய ஓட்டத்தில் தசை, சிறுநீரகம், உப்பு, நீர், உறக்கம் ஆகிய எல்லாம் அவற்றின் எல்லை வரை சோதிக்கப்படுகின்றன. நோயுற்ற உடலைப் புரிந்துகொள்ளவும் அந்தச் சோதனை உதவுகிறது. இரண்டாவது, இச்சாதனைகளைப் பற்றி நாம் பேசும் விதம் நோயாளருக்குத் தீங்கு செய்கிறது என்பது என் கருத்து. “மனவுறுதி இருந்தால் எதையும் வெல்லலாம், அவர் ஆயிரம் கிலோமீட்டர் ஓடவில்லையா?” என்று உறவினர் படுக்கையருகே நின்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். சொல்பவரின் அன்பில் ஐயமில்லை. ஆனால் அந்த ஓட்டங்களை உற்றுநோக்கினால் அவை வேறொன்றைச் சொல்கின்றன. பல நாள் ஓட்டத்தின் சாதனைகள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்ததால் மட்டும் கிடைத்தவை அல்ல. எப்போது நிற்பது, எப்போது உண்பது, எப்போது உறங்குவது, எதை யாரிடம் ஒப்படைப்பது என்று அறிந்ததால் கிடைத்தவை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். இதே கூரோஸ் 1997இல் 24 மணி நேர ஓட்டத்தில் 303 கிலோமீட்டர் ஓடியவர். ஒரு நாளில் 303 என்றால் ஆறு நாளில் 1,800க்கும் மேல் வரவேண்டும். அவர் ஓடியதோ 1,036. நாளொன்றுக்குச் சராசரி 173 கிலோமீட்டர் கூட இல்லை. ஒரு நாள் ஓடத் தெரிந்த அளவில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டுக்கு மேல் அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரர் தம் வலிமையை இவ்வாறு பங்கிட்டுச் செலவிட்டதால்தான் ஆறாம் நாளும் அவரால் ஓட முடிந்தது.

1983இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை 875 கிலோமீட்டர் ஓட்டம் நடந்தது. அதில் கிளிஃப் யங் என்ற 61 வயது உருளைக்கிழங்கு விவசாயி கலந்துகொண்டார். காலைத் தரையோடு இழுத்து இழுத்து வைக்கும் அவருடைய மெதுவான நடையோட்டத்தைக் கண்டு தொடக்கத்தில் சிரித்தவர்கள் பலர். ஐந்து நாள் 15 மணி நேரத்தில் அவரே முதலாவதாக வந்தார். இரண்டாமவர் வருவதற்குப் பல மணி நேரம் ஆயிற்று. இளையவர்கள் வேகமாக ஓடி நெடுநேரம் படுத்தார்கள். அவர் மெல்ல ஓடிக் குறைவாக ஓய்ந்தார். பரிசுத் தொகையை உடன் ஓடியவர்களுக்கே பகிர்ந்தளித்தார். நாளைக்கும் இதே வேகத்தில் ஓட இயலுமா என்பதே பல நாள் ஓட்டக்காரர் தமக்குள் ஓயாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி. நீண்ட நோயைக் கவனித்துக்கொள்ளும் குடும்பமும் முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

இனி உடலின் பக்கம் வருவோம். நெடுநேரம் ஓடும்போது தசைநார்கள் சிதைகின்றன. சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைகிறது. அளவு மிகுந்தால் சிறுநீர் பாலில்லாத தேநீரின் நிறத்தில் வெளியேறும். சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கவும் கூடும். அனுபவமுள்ள ஓட்டக்காரரின் உதவிக் குழுவினர் அவருடைய சிறுநீரின் நிறத்தை விசாரித்தபடியே இருப்பது இதனால்தான். நிறம் மாறினால் ஓட்டத்தை நிறுத்துவதே அறிவு. சாதனைக்கு அடுத்த ஆண்டும் வாய்ப்பு உண்டு, சிறுநீரகத்திற்கு அவ்வாறு இல்லை.

அந்த நிலையில் வலி மாத்திரை என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். பல நாள் ஓட்டங்களில் 80 கிலோமீட்டர் கட்டத்தை ஓடியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஐபுபுரூஃபென் மாத்திரையும் மற்றொரு பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தனர். ஆய்வின் முடிவு 2017இல் வெளியாயிற்று. போலி மாத்திரை உண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஐபுபுரூஃபென் உண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தெரிந்தது. தொண்ணூறுக்கும் குறைவானவர்களிடம் நடந்த சிறிய ஆய்வுதான். ஆயினும் அதன் முடிவு சிறுநீரகப் பிரிவில் நாங்கள் நாள்தோறும் காண்பதோடு ஒத்துப்போகிறது. நல்ல திடகாத்திரமான ஓட்டக்காரரின் சிறுநீரகத்திற்கே இந்த நிலை என்றால், நீரிழிவாலும் இரத்த அழுத்தத்தாலும் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்திற்கு என்ன ஆகும்? மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகள் சிறுநீரகத்திற்கு வெளியில் தெரியாத சுமை. வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. வலியை மருத்துவரிடம் சொல்லுங்கள்; சிறுநீரகத்திற்கு ஊறு செய்யாத வழியை அவர் தேர்ந்து தருவார்.

தண்ணீர் விஷயத்திலும் ஓட்டக்காரர்கள் ஒரு பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். எவ்வளவு குடித்தாலும் நல்லது என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது. வியர்வையில் இழந்ததைவிட மிகுதியாகக் குடித்த ஓட்டக்காரர் சிலருக்கு இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, மூளை வீங்கி, உயிரே போயிருக்கிறது. எனவே தாகத்தை அளவாகக் கொள்ளுங்கள் என்றே இன்று அவர்களுக்கு அறிவுரை கூறப்படுகிறது. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது நீருக்கும் பொருந்தும். ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் தாகமும் சரியான அளவுகோல் ஆகாது. அவர்களுக்குரிய அளவை மருத்துவர் குறித்துக் கொடுத்திருப்பார். “நிறையத் தண்ணீர் குடி, எல்லாம் சரியாகும்” என்று நலம் விசாரிக்க வந்தவர் சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள். குடிப்பது மட்டும் உங்கள் சீட்டில் எழுதியுள்ளபடி இருக்கட்டும்.

மனவுறுதி எதையும் வெல்லும் என்ற கூற்றுக்கு நேரான விடை உணவைப் பற்றிய ஆய்வு ஒன்றில் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு, ஏறத்தாழ 5,000 கிலோமீட்டரை 20 வாரங்களில் ஓடியவர்களின் ஆற்றல் செலவை ஆய்வாளர்கள் அளந்தனர். 2019இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியான அந்த ஆய்வின் முடிவு இது: ஒரு மனிதர் ஒரு நாள், இரண்டு நாள் எவ்வளவு வேண்டுமானாலும் ஆற்றலைச் செலவிடலாம். ஆனால் வாரங்கள், மாதங்கள் என்று நீளும்போது, சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கில் அது வந்து நின்றுவிடுகிறது. அதற்குமேல் செலவிட்டால் உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்தே ஈடுகட்ட வேண்டும். உணவைச் செரித்து உறிஞ்சும் குடலின் திறனே இந்த எல்லையை வகுக்கிறது என்பது ஆய்வாளர் கருத்து. கருவுற்ற பெண்ணின் உடல் பல மாதங்கள் ஏறத்தாழ 2.2 மடங்கில் இயங்குகிறது என்றும் அவர்கள் குறிப்பிட்டுள்ளனர். பத்து மாதம் சுமப்பவள் கண்டம் கடக்கும் ஓட்டக்காரருக்கு அருகில் ஓடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பதக்கம் கொடுப்பாரில்லை.

இந்த எல்லையை அறிந்த ஓட்டக்காரர் ஒரே வேளையில் வயிறு நிறைய உண்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலோ ஓரிரு சுற்றுக்கு ஒரு முறையோ ஒரு வாய், ஒரு மிடறு என்று உண்கிறார். பசி இல்லாதபோதும் உண்கிறார். பெரிய அறுவைச் சிகிச்சையிலிருந்தோ கடுமையான தொற்றிலிருந்தோ மீள்பவரின் குடலும் அப்படித்தான். ஒரே நேரத்தில் நிறைய ஏற்காது. தட்டு நிறையச் சோற்றை வைத்து, “இதைக்கூடச் சாப்பிடாவிட்டால் எப்படித் தெம்பு வரும்?” என்று கடிந்துகொள்வதால் பயனில்லை. ஒரு சிறு கிண்ணம் கஞ்சி, இரண்டு மணி நேரம் கழித்து ஓர் இட்லி என்று கொடுத்துப் பாருங்கள். என்ன கொடுப்பது என்பதை உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆறு நாள் ஓட்டத்தில் ஒரு சிறு கொப்புளம் சாதனையைக் கெடுத்துவிடும். ஆகவே பாதம் சற்று எரிந்தாலும் ஓட்டக்காரர் நின்று, காலணியைக் கழற்றி, பார்த்து, கட்டிவிட்டே நகர்கிறார். வீங்கிய பாதத்திற்கு இடம்கொடுக்கக் காலணியின் முன்பகுதியை வெட்டிவிடுபவர்களும் உண்டு. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு எரிச்சல் கூடத் தெரியாது. எனவே அவர் கண்ணால் பார்த்துத்தான் அறியவேண்டும். இரவு உறங்குமுன் இரண்டு நிமிடம் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் பார்ப்பது ஒரு காலைக் காப்பாற்றும். தாமே பார்க்க இயலாதவருக்கு வீட்டிலுள்ளவர் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலையளிப்பது உறக்கம். 2019 ஜனவரியில், பிரித்தானியாவின் பென்னைன் மலைவழியில் 431 கிலோமீட்டர் ஓட்டத்தை ஜாஸ்மின் பாரிஸ் என்ற கால்நடை மருத்துவர் 83 மணி 12 நிமிடத்தில் முடித்தார். ஆண்களையும் உள்ளிட்ட முந்தைய சாதனையை 12 மணி நேரம் முந்தினார். 14 மாதக் குழந்தையின் தாயான அவர், வழியிலுள்ள தங்குமிடங்களில் தாய்ப்பாலைக் கறந்து வைத்துவிட்டு ஓடினார். மிகக் குறைவாகவே உறங்கினார். கடைசிக் கட்டத்தில் பாறைகளிலிருந்து விலங்குகள் எழுவதுபோல் தமக்குத் தோன்றியதாகப் பின்னர் கூறியுள்ளார். அவர் மனம் பலவீனமானதன்று. உறக்கமிழந்த மூளை யாருடையதாயினும் இல்லாததைக் காட்டும், இருப்பதை மறைக்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே உள்ள இருக்கையில் மூன்று இரவுகள் உட்கார்ந்தபடியே கண் மூடாமல் இருந்த மனைவியும், பகலில் வேலைக்கும் இரவில் வார்டுக்கும் அலையும் மகனும் நான்காம் நாள் காலையில் என் முன் நிற்கிறார்கள். சிகிச்சையைப் பற்றிய முக்கியமான முடிவை அந்த மூளையிடம்தான் நாங்கள் கேட்கிறோம். காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் மாற்றிக் கொடுத்துவிடும் ஆபத்தும் அந்நேரத்தில்தான் மிகுதி. அவர்களை, “மூன்று நாளாகக் கண் மூடவில்லை, என்ன பாசம்!” என்று ஊரார் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியை நாம் நிறுத்தவேண்டும். உறங்காமலிருப்பது அன்பின் அளவுகோல் அன்று.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஆண்டுதோறும் 3,100 மைல், அதாவது ஏறத்தாழ 4,989 கிலோமீட்டர் ஓட்டம் நடைபெறுகிறது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு தெருச் சதுக்கத்தையே 5,649 முறை சுற்றவேண்டும். அதற்கு 52 நாள் அவகாசம். 2015இல் பின்லாந்தைச் சேர்ந்த அஷ்பிரிஹனல் ஆல்டோ 40 நாள் 9 மணி நேரத்தில் முடித்ததே அதன் மிக வேகமான ஓட்டம். இப்போட்டியில் என்னைக் கவர்ந்தது ஒரு விதி. காலை ஆறு மணிக்குத் திறக்கும் பாதை நள்ளிரவில் மூடப்படும். அந்த ஆறு மணி நேரம் யாரும் ஓட முடியாது. ஓய்வை ஒவ்வொருவரின் விருப்பத்திற்கு விடாமல் போட்டியே விதியாக்கி வைத்திருக்கிறது. ஏனெனில் விருப்பத்திற்கு விட்டால் சிலர் விழும்வரை ஓடுவார்கள்.

நம் மருத்துவமனைகளில் அப்படியொரு விதி இல்லை. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதும் மருந்து கொடுப்பதும் நேரப்படி எழுதப்படுகின்றன. உடனிருப்பவர் எப்போது உறங்கினார் என்று எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. ஒரு நோயாளிக்கு ஓர் அனுமதிச் சீட்டு என்ற விதிக்குக் காரணம் உண்டு. கூட்டமும் தொற்றும் குறையவேண்டும். ஆனால் அந்தச் சீட்டைக் கைமாற்றுவது எளிதாயிருக்கவேண்டும். உடனிருப்போர் கால் நீட்டிப் படுக்க ஓரிடமும் பொருளைப் பூட்டிவைக்க ஒரு பெட்டியும் ஆடம்பரங்கள் அல்ல. அவை சிகிச்சையின் பகுதி என்பது என் கருத்து. இதை எங்களைப் போன்ற மருத்துவர்களும் நிர்வாகத்தினரும் செய்யவேண்டும்.

குடும்பத்தார் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. சாதனைக்கு ஓடுபவரின் பின்னால் ஓர் உதவிக் குழு இருக்கிறது. ஒருவர் உணவு பார்ப்பார், ஒருவர் கால் பார்ப்பார், ஒருவர் குறிப்பேட்டில் எழுதுவார், முறைவைத்து உறங்குவார்கள். நம் வீடுகளிலோ பெரும்பாலும் ஒரே ஒருவர்தான், அதிலும் பெரும்பாலும் ஒரு பெண்தான், எல்லாமாக இருக்கிறார். நோயாளிக்கு அவர் துணை. அவருக்குத் துணை யார்? மருத்துவமனையில் சேர்த்த முதல் நாளே ஒரு நோட்டை எடுத்து, எந்த இரவு யார் இருப்பது என்று எழுதுங்கள். “ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்” என்று சொல்லிப்போகும் உறவினரிடம் வியாழன் இரவைக் கொடுங்கள். அதே நோட்டில் மருந்து, உணவு, சிறுநீரின் அளவு, மருத்துவர் சொன்னது ஆகியவற்றையும் எழுதினால், மாறி வருபவர் எதையும் மனப்பாடமாகக் கேட்டறிய வேண்டியதில்லை.

ஓட்டம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. 2009இல் இத்தாலியின் பாரி நகரிலிருந்து நார்வேயின் வடமுனை வரை 4,487 கிலோமீட்டரை 64 நாளில் ஓடியவர்களை, லாரியில் ஏற்றிய எம்.ஆர்.ஐ. கருவியோடு ஜெர்மன் மருத்துவர்கள் பின்தொடர்ந்தனர். ஓட்டக்காரர் சிலரின் மூளையின் சாம்பல்நிறப் பகுதி ஓட்டத்தின்போது ஏறத்தாழ 6 விழுக்காடு சுருங்கியிருந்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. இதில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. உடல் மீள்கிறது, ஆனால் 64 நாள் ஓடியதற்கு மாதக்கணக்கில் அவகாசம் கேட்கிறது. ஒரு மாதம் தீவிர சிகிச்சையில் இருந்தவர் வீடு திரும்பி மூன்றே வாரத்தில் பழையபடி நடமாடவில்லை என்று வருந்துபவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும். உடனிருந்தவருக்கும் அந்த அவகாசம் தேவை.

இறுதியாக, ஒப்புமையின் எல்லையையும் சொல்லிவிடவேண்டும். ஓட்டக்காரர் தம் ஓட்டத்தைத் தாமே தேர்ந்தெடுத்தவர். வேண்டாம் என்று தோன்றும் கணத்தில் பாதையை விட்டு விலகலாம்; யாரும் இழிவாகப் பேசமாட்டார்கள். நோயாளி தம் நோயைத் தேர்ந்தெடுக்கவில்லை. எனவே அவரை வீரர் என்று அழைத்து, வீரருக்குரிய முகத்தை எப்போதும் காட்டும்படி செய்வது நியாயமன்று. சோர்ந்திருக்கும் நாளில் சோர்ந்திருக்க அவருக்கு உரிமை உண்டு. “இன்று முடியவில்லை” என்று அவர் சொன்னால் அதைத் தோல்வியாகக் கொள்ளாமல், ஒரு செய்தியாகக் கொண்டு எங்களிடம் தெரிவியுங்கள். ஓட்டக்காரரின் உதவிக் குழு அதைத்தான் செய்கிறது.

இந்த இதழை நீங்கள் வார்டில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தால், நேற்றிரவு எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான்கு மணிக்கும் குறைவென்றால், இன்றிரவுக்கு ஒருவரை வரச்சொல்லித் தொலைபேசியில் அழையுங்கள். வருவதற்கு யாருமே இல்லையென்றால் வார்டுச் செவிலியரிடம் சொல்லுங்கள். அதைக் கேட்பதும் எங்கள் பணிதான்.